காற்று வரும் வழி

அக்டோபர் 4

அன்புள்ள அண்ணா,

உறையைப் பார்த்ததும் பிரிக்காமல் அம்மாவிடம் நீட்டியிருப்பாய். அம்மா கண்ணாடியைத் தேடியிருப்பாள், கிடைத்திருக்காது, கடைசியில் உன் கைக்கே வந்திருக்கும். அதனால் நேராக உனக்கே எழுதிவிட்டேன்.

வந்து ஒன்பது நாள் ஆகிறது. உன் கோபம் ஆறியதா? பள்ளி முடிந்தது, கல்லூரிக்குப் போகும் முன் ஒரே ஒரு வருடம் வேறொரு நாட்டில், வேறொரு குடும்பத்தோடு இருந்து பார்க்கிறேன் என்றேன். அதற்கு நீ குதித்த குதி! "முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்ல போய் இருக்கப் போறியா? மூணே மாசத்துல மூக்கைச் சிந்திட்டு வந்து நிப்ப, பார்த்துக்கிட்டே இரு." வழியனுப்பவும் வரவில்லை. இந்த வீட்டின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்த தாளை நாலாகக் கிழித்துப் போட்டாய். ஆனால் இங்கே வந்து பெட்டியைத் திறந்தால் மேலாக உன் பச்சை மப்ளர். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

முகவரியை உறையின் பின்னால் பெரிதாக எழுதியிருக்கிறேன். எண் இப்போதைக்குத் தேவைப்படாது. முதல் ஆறு மாதம் வீட்டோடு தொலைபேசியில் பேசக் கூடாது, கடிதம் மட்டும்தான் என்பது என்னை இங்கே அனுப்பிய மாணவர் திட்டத்தின் விதி. அப்போதுதான் இந்த ஊர் மொழி வாயில் வருமாம்.

வீட்டில் மூன்று பேர். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார், அதிகம் பேச மாட்டார். வீட்டம்மா பல் டாக்டரிடம் உதவியாளர். யார் சிரித்தாலும் முகத்தைப் பார்க்காமல் பல்லைப் பார்க்கிறாள். மகளுக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை, ஓரிடத்தில் நிற்பதில்லை. நான் அவளுக்குச் சுண்டெலி என்று பேர் வைத்துவிட்டேன். ஒரு கிழட்டுப் பூனையும் உண்டு, அது என் கட்டிலைப் பங்கு போட்டுக்கொண்டது.

எனக்குக் கொடுத்திருப்பது மாடியில் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறை. எனக்காகவே காலி செய்து வெள்ளையடித்திருக்கிறார்கள். கட்டில், மேசை, ஒரு சன்னல். சுவரோடு சேர்ந்து பூட்டிய அலமாரி ஒன்று இருக்கிறது. முதல் நாள் வீட்டம்மா அந்த அலமாரியையும் எதிர்ச் சுவரையும் காட்டி நீளமாக ஏதோ சொன்னாள். தலையாட்டினேன். இங்கே வந்ததிலிருந்து புரியாத எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன், எல்லோரும் என்னை நல்ல பெண் என்கிறார்கள்.

ஒரே ஒரு கஷ்டம் குளிர். அந்த எதிர்ச் சுவரில், கட்டில் பக்கமாக, தரைக்கு ஒரு சாண் மேலே, சல்லடை மாதிரி ஓர் ஓட்டை. அதன் வழியாக வருகிற காற்று எலும்பைத் தொடுகிறது. சொல்லத் தயக்கமாக இருக்கிறது. போன வருடம் சுண்டெலியின் அறையில் தங்கிய பெண் எதற்கெடுத்தாலும் குறை சொல்லி இரண்டே மாதத்தில் வேறு வீட்டுக்குப் போய்விட்டாளாம், கிளம்பும் முன்பே திட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். வீட்டம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. நானும் ஆரம்பித்தால் நன்றாக இருக்காது.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன் தங்கை


அக்டோபர் 17

மேதகு வெளிநாட்டு விருந்தாளி அவர்களுக்கு,

மப்ளரை நான் வைக்கவில்லை. அதுவாக நடந்து போய்ப் பெட்டிக்குள் ஏறியிருக்கும்.

அம்மா நலம். தபால்காரர் சைக்கிள் மணி எந்தத் தெருவில் கேட்டாலும் வாசலுக்கு வந்துவிடுகிறாள். உன் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னாள். குளிர் பற்றிய இடத்தை மட்டும் நான் முழுங்கிவிட்டேன்.

எனக்கு ஒரு சேதி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். இனி பாய்லர் என் பொறுப்பு. பொறுப்பு புதிது, நாற்காலி அதே உடைந்த நாற்காலி. நேற்று பாய்லர் அறை வாசலில் எச்சரிக்கைப் பலகையைச் சிவப்புப் பெயின்ட்டில் நானே புதிதாக எழுதினேன். துணி மடிக்கிற பெண்கள் என் கையெழுத்தைப் பார்த்து, "இதைப் படிக்க ஒரு ஆளை வேலைக்கு வைங்க" என்று சிரிக்கிறார்கள்.

ஓட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். உன் வாய் எங்களிடம் மட்டும்தான் நீளுமா? சொல்லக் கூச்சமாக இருந்தால் நீயே அடைத்துத் தொலை. மப்ளரைச் சுருட்டி இறுக்கமாகத் திணி, முன்னால் பெட்டியைத் தள்ளி வை. அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இதைக்கூட எழுதிக் கேட்டால்தான் செய்வாயா? பாய்லர்காரன் தங்கை குளிரில் நடுங்கினாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் எனக்குத்தான் அசிங்கம்.

மூன்று மாதக் கெடு இன்னும் முடியவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்


நவம்பர் 1

அன்புள்ள பாய்லர் பொறுப்பாளர் அவர்களே,

நீ சொன்னபடியே செய்தேன். மப்ளர் அந்த ஓட்டைக்கென்றே பின்னியது போல் உட்கார்ந்துகொண்டது. பெட்டியை முன்னால் தள்ளிவிட்டேன். அறை இப்போது கதகதவென்று இருக்கிறது. சுண்டெலி தலையணையைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலுக்கே குடிவந்துவிட்டாள். "உன் ரூம்தான் சூடு" என்கிறாள். பூனைக்குத்தான் பொறாமை போல. நாலைந்து நாளாக மாடிக்கு வருவதில்லை. தூக்கி வந்து விட்டாலும் வாசற்படியில் நின்று கத்துகிறது.

காலையில் மொழி வகுப்பு, மதியம் சுண்டெலியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, அவளோடு சேர்ந்து அவள் பாடப் புத்தகத்தைப் படிப்பது. நான் தப்பாகச் சொன்னால் டீச்சர் மாதிரி விரலை ஆட்டுகிறாள். இப்போது பாதிப் பேச்சு புரிகிறது.

இரண்டு மூன்று நாளாகக் காலையில் எழுந்தால் தலை பாரமாக இருக்கிறது. புது மொழி மண்டையில் இடம் தேடுகிறது என்று நினைக்கிறேன். மற்றபடி சுகம். மூக்கைச் சிந்தவில்லை.

தங்கை


நவம்பர் 13

தலைவலி அம்மையாருக்கு,

பார்த்தாயா, சொன்ன பேச்சைக் கேட்டால் எவ்வளவு சுகம்! ஒழுங்காகத் தூங்கு. படுத்துக்கொண்டு படிக்காதே. உன் எழுத்து ஏன் இந்தத் தடவை கோட்டை விட்டுக் கீழே சரிகிறது? மேசை கோணலா, நீயா?

அம்மா தினமும் கேட்கிறாள், அந்த ஆட்கள் உன்னை நன்றாக வைத்துக்கொள்கிறார்களா என்று. உண்மையைச் சொல். நான் சிரிக்க மாட்டேன்.

அண்ணன்


நவம்பர் 24

அண்ணா,

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. சிரிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வார்த்தையைக் காப்பாற்று.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. தலைவலி நிற்பதே இல்லை. படியேறினால் கால் துவளுகிறது. வீட்டம்மா காலையில் தேநீர் கொடுக்கிறாள், குடித்ததும் குமட்டுகிறது. அதில் ஏதோ கலக்கிறாள் என்று தோன்றியது. இப்படி நினைப்பதே பாவம் என்று தெரியும், ஆனாலும் தோன்றியது. மூன்று நாள் அவள் பார்க்காதபோது தொட்டியில் கொட்டினேன். கொட்டிய பிறகும் குமட்டியது.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனோம். நாள் முழுக்க வெளியில். எனக்கு ஒன்றுமே இல்லை! ஓடினேன், சிரித்தேன், இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டேன். வீட்டுக்குத் திரும்பி ஒரு மணி நேரத்தில் தலை பிளந்தது. அப்படியானால் இந்த வீட்டில்தான் ஏதோ இருக்கிறது. அல்லது இந்த மனிதர்களிடம்.

அந்தப் பூட்டிய அலமாரியைச் சொன்னேனே. அதற்குள் ஏதோ இருக்கிறது அண்ணா. சாயங்காலம் நாலு மணிக்கே இங்கே இருட்டிவிடுகிறது. மேசையில் உட்கார்ந்திருப்பேன். திடீரென்று உள்ளே "புஃப்" என்று யாரோ ஊதுகிற சத்தம். பிறகு நீளமாக ஒரு மூச்சு. நிற்கும். மறுபடி "புஃப்". நேற்று அந்த அலமாரி முன்னால் யாரோ நின்றது போலிருந்தது. எழுந்து பார்த்தால் என் கோட்டு. ஆனால் கோட்டைக் கீழே கொக்கியில் மாட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம்.

அவர்களும் மாறிவிட்டார்கள். வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே பஸ்ஸுக்குப் போகிறார். வீட்டம்மா சிடுசிடுக்கிறாள். சமையலறையில் அவள் மெதுவாகப் பேசியது முந்தாநாள் காதில் விழுந்தது. "இந்தப் பொண்ணு வந்ததிலேருந்து வீட்ல ஒருத்தருக்கும் ஒடம்பு சரியில்ல." மொழி தெரியாமலே இருந்திருக்கலாம்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று வைத்துக்கொள். வந்துவிடட்டுமா?

தங்கை


நவம்பர் 27

அண்ணா,

முந்தைய கடிதம் கிடைத்ததா? நான் அதைப் போட்டேனா என்று ஞாபகம் இல்லை. தபால்பெட்டி வரை போனது ஞாபகம் இருக்கிறது.

சுண்டெலி இரண்டு நாளாக வாந்தி. பள்ளிக்குப் போகவில்லை. என் கட்டிலிலேயே படுத்திருக்கிறாள். டாக்டர் வயிற்றுக் கோளாறு என்றார். இன்று வகுப்பு இல்லை. வீட்டம்மா என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. இன்று வகுப்பு இல்லை, நான் போகவில்லை.

ஒரு நல்ல செய்தி. அலமாரிக்குள் பேய் இல்லை! வெந்நீர் சரியாக வரவில்லை என்று வீட்டுக்காரர் திறந்தார். உள்ளே வெள்ளை இரும்புப் பெட்டி, நடுவில் உள்ளங்கை அகலக் கண்ணாடி, அதற்குள் நெருப்பு. வீட்டுக்கே வெந்நீரும் சூடும் கொடுக்கிற பாய்லர் அண்ணா! உன் பாய்லருக்குத் தம்பி மாதிரி ஒன்று என் அறையிலேயே இருந்திருக்கிறது. நெருப்பு மஞ்சளாக, நாக்கை நீட்டி நீட்டி ஆடியது. அழகாக இருந்தது. நீலமாகத்தான் எரிய வேண்டும், கண்ணாடிக்கு மேலே கரி வேறு படிந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் யோசித்தார். ரிப்பேர் ஆளைக் கூப்பிட்டார். குளிர்காலமாம், கூட்டமாம், பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம்.

சன்னல் முழுக்கத் தண்ணீர் கோடு கோடாக வழிகிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. சுண்டெலி அதில் விரலால் படம் போட்டாள். இப்போது போடவில்லை. தூங்குகிறாள். எனக்கும்

இன்று வகுப்பு இல்லை. நாளைக்கு எழுதுகிறேன்.


டிசம்பர் 8, தந்தி

வீட்டில் எல்லோருக்கும். பாய்லரை உடனே அணைக்கவும். கதவு சன்னல் அனைத்தும் திறக்கவும். எல்லோரும் வெளியே போகவும். குழந்தையைத் தூக்கிச் செல்லவும். விஷப்புகை. மாடி அறைப் பெட்டிக்குப் பின்னால் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. அண்ணன்.


டிசம்பர் 8

தங்கச்சி,

இதை நீ படிப்பாயா என்று எனக்குத் தெரியாது. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

உன் இரண்டு கடிதமும் இன்று ஒன்றாக வந்தன. அம்மா சலவைக்கூடத்துக்கே கொடுத்தனுப்பினாள். பாய்லர் முன்னால் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தேன். முதல் கடிதத்தில் "புஃப்" என்ற இடத்திலேயே நிமிர்ந்துவிட்டேன். பர்னர் பற்றிக்கொள்கிற சத்தத்தை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே போனால் சுகம், உள்ளே வந்தால் தலைவலி என்று படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இரண்டாவது கடிதத்தில் மஞ்சள் நெருப்பு. சன்னலில் தண்ணீர். குழந்தைக்கு வாந்தி. அதற்கு மேல் எழுத்து எனக்குத் தெரியவில்லை.

காற்று இல்லாமல் எரிகிற நெருப்பு விஷத்தைக் கக்கும். வாசனை இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். பூனைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அந்த ஓட்டை பாய்லருக்காக வைத்தது. அது மூச்சு விடுகிற மூக்கு. அதை அடைக்கச் சொன்னது நான். எதற்கு இருக்கிற ஓட்டை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? நக்கல் அடிக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. நான் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிய பலகையைச் சொன்னேனே. அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "காற்று வரும் வழியை அடைக்காதே." அதை எழுதிவிட்டு, கை கழுவிவிட்டு, மறுநாளே அதே கையால் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

திட்ட அலுவலகத்துக்கு ஓடினேன். பூட்டியிருந்தது, இன்று விடுமுறை. அதை நடத்துகிற அம்மா எங்கே குடியிருக்கிறார் என்று நாலு பேரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். சலவைக்கூடத்து அழுக்குச் சட்டையோடு வாசலில் நின்று கத்தியதைப் பார்த்து முதலில் கதவைச் சாத்தப் பார்த்தார். கடிதத்தைப் படித்ததும் செருப்புப் போடாமலே என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். அவரிடம் எண் இருந்தது. எண் எல்லோரிடமும் இருக்கிறது, கிழித்த என்னிடம்தான் இல்லை.

போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பதினொரு தடவை போட்டோம். "வெளிய போயிருப்பாங்கப்பா" என்றார். அவர் குரலே அதை நம்பவில்லை. உங்கள் ஊர் அலுவலகத்துக்குப் போட்டால் அங்கேயும் விடுமுறை, இயந்திரம் பேசுகிறது. அதன்பிறகுதான் தந்தி. உன் பேருக்குப் போடவில்லை. யார் கையில் கிடைத்தாலும் புரியட்டும் என்று அந்த அம்மாவே அந்த ஊர் மொழியில் எழுதிக் கொடுத்தார். நாளைக் காலையில் சேரும் என்கிறார்கள்.

நீ கடைசியாக எழுதி பதினோரு நாள் ஆகிவிட்டது. பதினோரு நாள் அந்த அறையில் தூங்கியிருக்கிறாய்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "கடிதத்துல என்ன எழுதியிருக்கா?" என்றாள். "நல்லா இருக்காளாம்மா" என்றேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

எழுந்திரு. அவ்வளவுதான் கேட்கிறேன். எழுந்திரு.

அண்ணன்


டிசம்பர் 9

மணி மாலை ஐந்து. பதில் இல்லை. காலையில் மூன்று தடவை தொலைபேசி போட்டோம், மணி அடிக்கிறது. மதியம் போட்டால் மணிகூட அடிக்கவில்லை, ஒரே இரைச்சல். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. அலுவலக வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். "போய்ச் சாப்பிட்டு வா தம்பி" என்கிறார். எழுந்து போன நேரத்தில் செய்தி வந்துவிட்டால்?

உன்னிடம் மூன்று மாதக் கெடு என்று சொன்னேன். இன்றோடு இரண்டரை மாதம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று எழுதினேன் அல்லவா, அந்த வாயை என்ன செய்வது?


டிசம்பர் 13

அன்புள்ள அண்ணா,

"எல்லோரும் பிழைத்தோம்" என்று வீட்டுக்காரர் கொடுத்த தந்தி பத்தாம் தேதியே கிடைத்திருக்கும். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். கோடு சரிகிறதா என்று பார். சரியவில்லை.

எட்டாம் தேதியிலிருந்து கடுங்குளிர். பாய்லர் நிற்காமல் ஓடியது. ஒன்பதாம் தேதி காலை வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே பஸ்ஸுக்குப் போய்விட்டார். வீட்டம்மா தலைவலி என்று வேலைக்குப் போகாமல் கீழே சோபாவில் படுத்திருந்தாள். மாடியில் நானும் சுண்டெலியும். தொலைபேசி அடித்தது எனக்குக் கேட்டது அண்ணா. நன்றாகக் கேட்டது. யாரோ வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பயம்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. அத்தனை நாள் பயந்து செத்தேன், உண்மையில் சாகிற நேரத்தில் பயம் என்னை விட்டுப் போய்விட்டது.

தந்தி கொண்டுவந்தவர் மணி அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார். சன்னல் வழியே பார்த்தால் சோபாவில் ஆள். கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். வீட்டம்மா எப்படியோ தவழ்ந்து வந்து கதவைத் திறந்து, தந்தியைப் பிரித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு விழுந்துவிட்டாளாம். அவர் படித்திருக்கிறார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒவ்வொரு சன்னலாகத் திறந்துகொண்டே மாடிக்கு வந்து, முதலில் சுண்டெலியை, பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியில் போட்டிருக்கிறார். தீயணைப்பு ஆட்கள் வந்து எல்லாவற்றையும் துண்டித்தார்கள். அதோடு தொலைபேசியும் போய்விட்டது.

சுண்டெலி ஒரு நாள் முழுக்கக் கண் திறக்கவில்லை. அந்த ஒரு நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மறுநாள் கண் திறந்து, "பூனை எங்கே?" என்றாள். வீட்டம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ரிப்பேர் ஆள் பெட்டியை நகர்த்தி மப்ளரை உருவினாராம். அதை ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து, "இதை யார் வைத்தது?" என்று கேட்டார். நான் என்றேன். "யாராவது வைக்கச் சொன்னார்களா?" யாரும் சொல்லவில்லை என்றேன். முதல் நாள் வீட்டம்மா சுவரைக் காட்டி நீளமாகச் சொன்னது இதைத்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது. நான் தலையாட்டியதை அவளும் நினைத்துக்கொண்டிருப்பாள். அன்றிலிருந்து என்னோடு அவள் பேசுவதில்லை. சுண்டெலியின் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று திட்டத்தில் சொல்லிவிட்டார்கள். என்னை வெறுத்துக்கொள்ளட்டும். உன் அக்டோபர் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. தெரிந்தால் உன் வேலைக்கு ஆபத்து. பாய்லர்காரனே சொன்னான் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். நீயும் வாயைத் திறக்காதே.

தங்கை


டிசம்பர் 24

தங்கச்சி,

கோடு சரியவில்லை. பத்துத் தடவை பார்த்தேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓங்கி ஓர் அறை விட்டாள். முப்பத்தோரு வயதில் வாங்கியது. பிறகு தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தாள்.

எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். என்னைக் காப்பாற்ற வேண்டிய வயதா உனக்கு? சலவைக்கூடத்தில் மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர், "அந்தப் பலகைக்குக் கீழ தினமும் ஒரு நிமிஷம் நின்னுட்டு வேலையை ஆரம்பி" என்றார். நிற்கிறேன். யாரும் இப்போது என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

இத்தோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். உன் வீட்டம்மாவுக்கு. அவள் முன்னால் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை சொல். எனக்குப் பரிந்துகொண்டு ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே.

அண்ணன்


(அதனுடன் இருந்த தாள்)

அம்மா,

நான் உங்கள் வீட்டில் இருக்கும் பெண்ணின் அண்ணன். பாய்லர் ஓட்டுபவன். அவள் குளிருகிறது என்று எனக்கு எழுதினாள். உங்களிடம் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று பயந்தாள். ஓட்டையை அடைக்கச் சொன்னதும் பெட்டியால் மறைக்கச் சொன்னதும் நான். எந்த ஓட்டை என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் தொழிலில் முதல் பாடம் அது. மப்ளரும் என்னுடையதுதான்.

உங்கள் குழந்தையை நான் பார்த்ததில்லை. அவளுக்கு முன்பல் இல்லை என்று தெரியும். தினமும் அவளை நினைத்துக்கொண்டு எழுகிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இவளை அனுப்புவதென்றால் அனுப்புங்கள். ஆனால் இவள் செய்தாள் என்று நினைத்து அனுப்பாதீர்கள்.


ஜனவரி 5

அன்புள்ள அண்ணா,

படித்துக் காட்டினேன். சமையலறை மேசையில், வீட்டுக்காரரும் இருந்தார். "பெட்டியால் மறைக்கச் சொன்னதும் நான்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். வீட்டம்மா, "மேல சொல்லு" என்றாள். முன்பல் பற்றிய வரி வந்ததும் தன் கையால் தாளை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நம் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்க அண்ணன் ஏன் அன்னிக்கு எங்களுக்கு நேராப் போன் பண்ணல? தந்தி வரைக்கும் ஏன் போகணும்?"

ஆபீஸிலிருந்து போட்டதைச் சொன்னேன். முதல் நாள் பதினொரு தடவை என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எட்டாம் தேதி அவள் சுண்டெலியை இன்னொரு டாக்டரிடம் அழைத்துப்போயிருந்தாள், நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். முன்பே எண் உன் கையில் இருந்திருந்தால் தலைவலி என்று எழுதிய அன்றே கூப்பிட்டிருப்பாயே என்றாள். விதியைச் சொன்னேன். நீ தாளைக் கிழித்ததையும் சொன்னேன். மாற்றாதே என்று நீதானே சொன்னாய்.

"கோபமா?" என்றாள்.

"பயம்" என்றேன். "நான் போறேன்னு பயந்துட்டான்."

அவள் எழுந்து போய்ப் பானையைக் கழுவினாள், கழுவிய பானையையே திரும்பவும் கழுவினாள். நான் அறைக்குப் போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். இப்போது எனக்குக் கீழே வேறோர் அறை. மாடி அறையில் யாரும் தூங்குவதில்லை. புதுப் பாய்லர் வெளிச் சுவரோடு போட்டிருக்கிறார்கள். அப்படியும் தூங்கும் முன் சன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். குளிர்ந்தால் குளிரட்டும். சுண்டெலி மூச்சு விடுகிறாளா என்று அவள் அறை வாசலில் போய் நிற்கிறேன். பல நாள் வீட்டம்மாவும் அங்கே நிற்கிறாள். இரண்டு பேரும் பேசாமல் திரும்பிவிடுவோம்.

பாதிப் பெட்டி அடுக்கியபோது அவள் வந்தாள். கையில் உன் மப்ளர், துவைத்து மடித்தது. பெட்டிக்குள் வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் கழுத்தில் சுற்றினாள். சுற்றிவிட்டு, நான் அடுக்கியிருந்த துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"குளிருச்சுன்னா எங்கிட்ட சொல்லு" என்றாள். "தலையாட்டாத. வாயத் திறந்து சொல்லு."

சொல்கிறேன் என்றேன். வாயைத் திறந்து.

திட்டத்தின் விதிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதை அவள் மதிப்பதாக இல்லை. கீழே இருக்கிற எண்ணை அவளே அவள் கையால் எழுதியிருக்கிறாள். உன் பலகை மாதிரி பெரிது பெரிதாக, சிவப்பு மையில். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து கூப்பிடச் சொல்கிறாள்.

இந்தத் தாளைக் கிழிக்காதே. மணி அடிக்கட்டும் அண்ணா, எடுப்போம்.

தங்கை